வரவேற்பறைக்கு ஏற்ற, இரைச்சல் இல்லாத சின்னக் கணினி: வாங்கும் முன் படிக்க வேண்டியவை

டிவிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கணினி வேண்டும் என்று தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது எந்தப் பிராசஸர் எவ்வளவு வேகம் என்ற பட்டியல்தான். அதை மூடி வையுங்கள். படம் பார்க்கும் கணினிக்கு வேகம் கடைசிக் கவலை. வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி சிப்பிலேயே இருக்கிறதா, மின்விசிறி எவ்வளவு இரைகிறது, டிவியோடு ஒத்துப்போகிறதா என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் இந்த மூன்றையும் பற்றி வாய் திறக்க மாட்டார். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கவும் மாட்டார்கள். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. கணினி தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி தளங்கள் மட்டும் போதும் என்றால் கணினி வாங்காதீர்கள். டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சியே போதும். விலையும் குறைவு, சத்தமும் இல்லை, படமும் பெரும்பாலும் கணினியைவிடத் தெளிவாக இருக்கும். காரணம் நகல் பாதுகாப்பு. ஓடிடி நிறுவனங்கள் முழுத் தெளிவுள்ள 4கே படத்தைத் தாங்கள் சான்றளித்த கருவிகளுக்குத்தான் தருகின்றன. கணினியின் பிரவுசருக்குப் பல தளங்கள் தெளிவைக் குறைத்தே அனுப்பும். விண்டோஸ் கணினியில் நெட்ஃபிளிக்ஸை 4கேயில் பார்க்கக்கூட அதற்கேற்ற செயலியோ பிரவுசரோ வேண்டும், எச்இவிசி என்ற வீடியோச் சுருக்க முறைக்கான நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வேண்டும், டிவி எச்டிசிபி 2.2 என்ற நகல் பாதுகாப்பு முறையை ஏற்க வேண்டும். லினக்ஸில் அந்த ஆசையையே விட்டுவிடலாம்.

கணினி யாருக்கு? சொந்தமாகச் சேர்த்து வைத்த படக் கோப்புகள், குடும்ப வீடியோக்கள், புகைப்படங்கள், விருப்பப்படி வசன வரிகள், பெரிய திரையில் இணையம், பழைய விளையாட்டுகள் என்று ஓடிடிக்கு வெளியே ஒரு வேலை இருப்பவர்களுக்கு. உங்களுக்கு அப்படி இருந்தால் மேலே படியுங்கள்.

2. என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

வீடியோக் கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ, அதை விரிக்கும் தனிப் பகுதி சிப்பில் இருக்க வேண்டும். இருந்தால் படம் ஓடும்போது பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் அந்த வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், சூடு ஏறும், மின்விசிறி கத்தத் தொடங்கும். ஆக, சத்தத்தைப் பற்றிய கேள்விக்குப் பாதி விடை இந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

எச்.264 என்ற முறையில் சுருக்கிய கோப்புகளை இன்று கிடைக்கும் ஏறக்குறைய எந்தக் கணினியும் சமாளிக்கும். 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் எச்இவிசி. அதற்கு இன்டெல் என்றால் ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். யூடியூப் போன்ற தளங்கள் பயன்படுத்தும் ஏவி1 முறைக்கு இன்டெல் கோர் வரிசையில் பதினோராம் தலைமுறையிலிருந்து, அதாவது 2020க்குப் பிறகு வந்தவை, ஏஎம்டி மடிக்கணினி வரிசையில் ரைசன் 6000 காலத்தில் வந்த புதிய கிராபிக்ஸ் கொண்டவை என்று பார்க்க வேண்டும்.

ஐ7 என்று கேட்டதும் மயங்குகிறவர்கள் நிறைய. நான்காம் தலைமுறை ஐ7 ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2023இல் வந்த இன்டெல் என்100 என்ற சாதாரண சிப், 6 வாட் என்று குறிக்கப்பட்டது, படம் காட்டும் வேலையில் அதை வீட்டுக்கு அனுப்பிவிடும். எச்இவிசி, விபி9, ஏவி1 ஆகிய மூன்று சுருக்க முறைகளையும் அது வன்பொருளிலேயே விரிக்கிறது. கோப்புகளைப் பார்ப்பதுதான் முதன்மையான வேலை என்றால் என்100 அல்லது அதன் உறவுக்காரச் சிப்புகளே என் பரிந்துரை.

ராஸ்பெரி பை 5 என்ற குட்டிப் பலகைக் கணினி பற்றியும் கேட்பார்கள். எச்இவிசிக்கு வன்பொருள் வசதி உண்டு, ஏவி1க்கு இல்லை. எச்.264க்கு இருந்த வசதியையும் இந்த மாடலில் எடுத்துவிட்டார்கள். 1080 தெளிவில் பிராசஸரே அதைச் சமாளித்துவிடும் என்பதால் பெரிய இழப்பில்லை. கைவேலையில் ஆர்வம் உள்ளவருக்கு நல்ல பொருள், பெற்றோருக்கு வாங்கித் தர ஏற்றதல்ல.

சோதிப்பது எளிது. விண்டோஸில் படத்தை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் பக்கத்தைத் திறந்தால் 'வீடியோ டீகோட்' என்ற வரைபடம் தெரியும். அது அசைந்து, பிராசஸர் வரைபடம் தரையோடு படுத்திருந்தால் எல்லாம் சரி.

3. சத்தம்: எண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்

பல விளம்பரங்களில் டெசிபல் கணக்கு இருக்கும். கணினி சும்மா இருக்கும்போது அளந்ததா, எவ்வளவு தொலைவில் வைத்து அளந்தது என்று கூடவே இருக்காது. திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகப் படும். ஆகவே தொலைவு சொல்லாத டெசிபல் எண்ணால் ஒரு பயனும் இல்லை.

எண்ணைவிட முக்கியமானது ஒலியின் குணம். உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இருக்கும் குட்டி விசிறி போதிய காற்றைத் தள்ள மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. அதனால் வருவது கொசு காதோரம் பறப்பது போன்ற மெல்லிய கீச்சொலி. சற்றே பெரிய பெட்டியில் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் வருவது காற்றின் சலசலப்பு மட்டும். பின்னதைக் காது சில நிமிடங்களில் மறந்துவிடும், முன்னதை மறக்காது. மிகச் சிறியது மிக அமைதியானதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நேர்மாறாகத்தான் இருக்கிறது.

இன்னொரு தொல்லை, ஏறி இறங்கும் விசிறி. சூடு ஒரு புள்ளியைத் தொட்டதும் சீறும், குறைந்ததும் அடங்கும், மறுபடி சீறும். ஒரே சீராக ஒலிக்கும் விசிறியைவிட இதுதான் எரிச்சல். வாங்கும் முன் அந்த மாடலின் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) விசிறி வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கையேட்டைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதே பயாஸில் பிராசஸர் எடுக்கும் மின்திறனுக்கு வரம்பு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. 6 வாட், 15 வாட் என்று சிப்பின் மேல் எழுதியிருப்பது ஒன்று, பெட்டியைச் செய்தவர் வைத்திருக்கும் வரம்பு இன்னொன்று. வேகப் போட்டியில் ஜெயிக்க அதை உயர்த்தி வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. வரம்பைக் குறைத்தால் படம் பார்ப்பதில் எந்த மாற்றமும் தெரியாது, விசிறி மட்டும் அடங்கும்.

விசிறியே இல்லாத கணினிகளும் இருக்கின்றன. உடல் முழுவதும் அலுமினியத் தகடாக, வரிவரியான மடிப்புகளுடன் இருக்கும். வெப்பத்தை அந்தத் தகடே வெளியேற்றும். என்100 வகைச் சிப்புகளுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. ஆனால் தகடு தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாகும், அது கோளாறு அல்ல. அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது, மூடிய அலமாரிக்குள் தள்ளக் கூடாது. காற்று கிடைக்காவிட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். 'விசிறியில்லை' என்ற சொல்லுக்கு 'சத்தமேயில்லை' என்று பொருள் கொள்ளவும் வேண்டாம். சில பலகைகளில் மின்சுருள்கள் மெல்லிய 'ஙீ' ஒலி எழுப்பும். அடாப்டரும் சில நேரம் முனகும்.

கணினி வீட்டுக்கு வந்ததும் இப்படிச் சோதியுங்கள். எல்லோரும் தூங்கிய பின், நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து ஒரு 4கே படத்தை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஒரு தாழ்ந்த உறுமல் கேட்டால் எழுந்து போய்க் கணினியை இரண்டு விரல்களால் அலமாரியிலிருந்து சற்றே தூக்குங்கள். உறுமல் நின்றுவிட்டால் குற்றவாளி கணினி அல்ல, அதிர்வை வாங்கிப் பெருக்கும் மரப்பலகை. நான்கு மூலையிலும் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தால் தீர்ந்தது. தூக்கிய பிறகும் அதே ஒலி என்றால் விசிறிதான்.

ஹார்ட் டிஸ்க்கை வரவேற்பறையில் வைக்கவே வைக்காதீர்கள். சுழலும் தட்டின் ஓசையும் அது எழுப்பும் 'கடகட'வும் அமைதியான காட்சியில் தெளிவாகக் கேட்கும். கணினிக்குள் எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். படக் குவியலை வேறு அறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு நெட்வொர்க் சேமிப்பகத்தில் வைத்து, கேபிள் வழியே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பின்பக்கத்தைப் படம்பிடித்துப் பாருங்கள்

விற்பனைப் பக்கத்தில் '4கே ஆதரவு' என்று இருக்கும். எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். எச்டிஎம்ஐ 1.4 துளை 4கேயை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். மவுஸை நகர்த்தினாலே இழுவை தெரியும். எச்டிஎம்ஐ 2.0 இருந்தால் 60. அதிலும் 60 ஹெர்ட்ஸில் 10 பிட் எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் தெரியும் வகை) படத்தை முழு நிறத் தகவலுடன் அனுப்ப இடம் போதாது, நிறத் தகவலைச் சற்றுச் சுருக்கித்தான் அனுப்பும். திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) தான் என்பதால் படம் பார்ப்பவருக்கு 2.0 தாராளம். 2.1க்காகக் கூடுதல் பணம் கொடுப்பது விளையாட்டுப் பிரியர்களின் வேலை. சில கணினிகளில் இரண்டு எச்டிஎம்ஐ இருக்கும், இரண்டும் ஒரே தரம் என்ற உறுதி இல்லை. கையேட்டில் பாருங்கள்.

வலைக் கேபிளுக்கான துளை கிகாபிட்டாக இருக்க வேண்டும். 4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த கோப்பு உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட் வரை கேட்கலாம். மலிவுப் பெட்டிகளில் இன்னும் 100 மெகாபிட் துளை வருகிறது. படம் நடுவில் நின்று நின்று வந்தால் பலரும் வைஃபையையும் ரவுட்டரையும் திட்டுவார்கள், காரணம் இந்தத் துளையாக இருக்கும்.

ரிமோட் விஷயத்தில் ஏமாற்றம் காத்திருக்கிறது. டிவி ரிமோட்டாலேயே மற்றக் கருவிகளை இயக்கும் சிஇசி வசதி பெரும்பாலான கணினிகளில் இல்லை. ராஸ்பெரி பையில் உண்டு. மற்றவற்றுக்குத் தனி அடாப்டரோ, யுஎஸ்பி ரிமோட்டோ வாங்க வேண்டும், அதையும் செலவில் சேருங்கள். கம்பியில்லா விசைப்பலகையின் சிறு டாங்கிளை யுஎஸ்பி 3.0 துளையில் செருகினால் விசைகள் விட்டுவிட்டு வேலை செய்யலாம். யுஎஸ்பி 3.0 எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடுவதுதான் காரணம். டாங்கிளை 2.0 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு குட்டை நீட்டிப்புக் கேபிளில் செருகிச் சற்றுத் தள்ளி வையுங்கள். விசைப்பலகை பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

5. ராம், எஸ்எஸ்டி

8 ஜிபி போதும். விண்டோஸில் பிரவுசரும் திறப்பீர்கள் என்றால் 16. எஸ்எஸ்டி 256 ஜிபி, படங்கள் வேறிடத்தில் இருப்பதால் அதற்கு மேல் வீண்.

6. இயங்குதளம்

கோப்புகள் மட்டும் பார்ப்பதென்றால் லிப்ரிஎலெக். இலவசம். கணினியை இயக்கியதும் நேராகக் 'கோடி' (Kodi) என்ற படம் பார்க்கும் மென்பொருளின் முகப்பில் வந்து நிற்கும், ரிமோட்டாலேயே எல்லாம் நடக்கும். யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, உள்ளே இருக்கும் எதையும் அழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். பிரவுசரும் வேண்டும், ஓடிடியும் கொஞ்சம் வேண்டும் என்றால் விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. பழைய கணினி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் வைக்க வேண்டும்.

மலிவான மினி கணினிகளில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் ஏற்கெனவே போட்டு வரும், உரிமமும் உண்டு என்பார்கள். அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் உரிமம்' என்று இருந்தால் நல்லது. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' வழியாக இயக்கப்பட்டது என்று இருந்தால், அது அலுவலகங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் உரிமம். தனி ஆளுக்கு விற்கக் கூடியதல்ல. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பி மாற்று உரிமம் கேளுங்கள். எனக்கு விற்றவர் முதலில் 'அதெல்லாம் ஒன்றுதான்' என்றார், படத்தை அனுப்பிய பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார். எந்த நிலையிலும், வந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதைப் புதிதாக நிறுவுவது பாதுகாப்பு.

7. முழுச் செலவையும் கூட்டிப் பாருங்கள்

'பேர்போன்' என்ற சொல் விலைக்குப் பக்கத்தில் இருந்தால் ராம், எஸ்எஸ்டி, இயங்குதளம் எதுவும் அதில் சேர்ந்ததல்ல. ரிமோட் அல்லது விசைப்பலகை, சான்றிதழ் முத்திரை உள்ள எச்டிஎம்ஐ கேபிள், டிவிக்குப் பின்னால் மாட்டுவதென்றால் அதற்கான தகடு, எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் இரண்டு மாடல்களை ஒப்பிட முடியும். மலிவாகத் தெரிந்தது பல நேரம் அப்போது மலிவாக இருக்காது.

மின்கட்டணத்தையும் சேருங்கள். எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி 10 வாட் எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட். பழைய மேசைக் கணினி 50 வாட் எடுத்தால் 438 யூனிட். 'சும்மா கிடக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்' என்று நினைக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள்.

பணத்தை மிச்சப்படுத்த நேர்மையான வழி, அலுவலகங்கள் கழித்துவிடும் சின்னக் கணினிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி வரிசைகள் ஒரு லிட்டர் கொள்ளளவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும், கட்டுமானம் உறுதி. தலைமுறையைப் பாருங்கள், அடாப்டரும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். பலவற்றில் டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகைத் திரைத் துளை மட்டும்தான் இருக்கும். எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான மாற்றி 4கேயை 30 ஹெர்ட்ஸில் நிறுத்திவிடக்கூடும், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகக் குறித்ததை வாங்குங்கள்.

8. ரசீதும் நாள் கணக்கும்

ரசீதில் மாடல் பெயர் மட்டும் போதாது, வரிசை எண்ணும் இருக்க வேண்டும். உத்தரவாதம் தருவது தயாரிப்பாளரா, விற்பவரா, அது உங்கள் நாட்டில் செல்லுமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ராமைக் கூட்டப் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அடிப்பக்க ஸ்டிக்கரைப் படமெடுத்து வையுங்கள், சூட்டில் எழுத்து மங்கிவிடும்.

திருப்பிக் கொடுக்கும் காலம் பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. ஆகவே கேபிள், ரிமோட், ராம் எல்லாவற்றையும் முதலில் வரவழைத்துவிட்டுக் கணினியைக் கடைசியாக வாங்குங்கள். வந்த அன்றே பிரித்து, முதலில் ஆக்டிவேஷன், அடுத்து 4கே 60 ஹெர்ட்ஸ், பிறகு இரவு நேரச் சத்தச் சோதனை என்று முடித்துவிடுங்கள். சத்தத்தைக் காரணம் காட்டித் திருப்பினால் 'அது குறைபாடு அல்ல' என்பார்கள். காரணம் கேட்காமல் திருப்பி எடுக்கும் விற்பனையாளரிடமே வாங்குவது இதற்காகத்தான். அட்டைப் பெட்டியையும் உள்ளிருக்கும் பஞ்சையும் அதுவரை எறியாதீர்கள்.

9. இணைத்த பிறகு மாற்ற வேண்டியவை

டிவியின் அமைப்பில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு 'என்ஹான்ஸ்டு' அல்லது 'டீப் கலர்' என்று ஒரு தேர்வு இருக்கும். பல டிவிகளில் அதை இயக்கினால்தான் எச்டிஆர் வரும். திரையின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். கறுப்பு சாம்பலாக வெளிறியோ, நிழல் பகுதிகள் மை பூசியது போலவோ தெரிந்தால் கணினியும் டிவியும் வேறு வேறு நிற வரம்பில் இருக்கின்றன. இரண்டையும் 16 முதல் 235 வரையான வரம்பிலோ, 0 முதல் 255 வரையானதிலோ ஒன்றாக வையுங்கள்.

அடுத்தது பலர் தொடாமலே விடும் அமைப்பு. கோடியில் திரையின் ஹெர்ட்ஸைப் படத்துக்கேற்ப மாற்றும் தேர்வை இயக்குங்கள். 24 சட்டகப் படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்டினால் ஒரு சட்டகம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் விக்கல் போலத் தெரியும். பெரும்பாலான கோப்புகள் துல்லியமாக 24 அல்ல, 23.976. டிவி அதையும் ஏற்றால் அதையே தேர்ந்தெடுங்கள். 24இல் வைத்தால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு சட்டகம் இரட்டிக்கும்.

ஒலிக்கு சவுண்ட்பார் அல்லது ரிசீவர் இருந்தால் கோடியில் பாஸ்துரூவை (ஒலியைக் கணினி விரிக்காமல் அப்படியே அனுப்பும் தேர்வு) இயக்குங்கள். டிவி வழியாக ஒலி போவதென்றால், டால்பி ட்ரூஎச்டி போன்ற, சுருக்கியும் தரம் இழக்காத ஒலிக்கு டிவியில் ஈஆர்க் (எச்டிஎம்ஐ வழியே டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் வசதி) வேண்டும், அதன் பழைய வடிவமான ஆர்க் தாங்காது. சில டிவிகள் டிடிஎஸ் ஒலியைக் கடத்துவதே இல்லை. அப்போது கணினியை நேராக ரிசீவரில் இணைப்பதுதான் வழி.

பயாஸில் மின்சாரம் வந்ததும் தானே இயங்கும்படி வையுங்கள். டிவிக்குப் பின்னால் மாட்டியிருந்தால் பொத்தானைத் தேடிக் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்காது. விசிறி உள்ள கணினி என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை அணைத்துவிட்டு, காற்றுத் துளைகளில் படிந்த தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது விசிறி இதழை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் கெட்டு, அதன் பிறகு எந்த அமைப்பாலும் அதை அடக்க முடியாது.